ஒரே தண்ணீர், இரண்டு மூக்கு

வட சென்னையில் மாடு ஊருக்கு வெளியே இருக்கும் பிராணி இல்லை. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, மாதவரம் என்று எந்தப் பக்கம் போனாலும் சந்துக்குள் ஒரு வாசலில் ஜெர்சி கட்டியிருக்கும். எதிர் வாசலில் இரண்டு ஆடு, நடுத்தெருவில் நாய், இவற்றுக்கு இடையில் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். இவ்வளவு நெருக்கத்தில் வாழ்கிற இடத்தில் மாட்டுக்கு ஏதாவது வந்தால் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இது நமக்கு ஒட்டுமா? அடுத்தது, மற்ற மாட்டுக்கு ஒட்டுமா, ஆட்டுக்கு ஒட்டுமா? கேட்கிறவர் எதிர்பார்ப்பது ஒரு ஆமாம் அல்லது ஒரு இல்லை. ஒட்டுண்ணிகள் விஷயத்தில் அந்த இரண்டுமே பாதிப் பதில்தான் என்பது என் கருத்து. ஒரு புழு மாட்டுக்கானது என்று சொல்லும்போது நாம் உண்மையில் எதைச் சொல்கிறோம் என்பதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மாதவரம் பக்கம் எனக்குத் தெரிந்த பால்கார அக்கா ஒருவர் இருக்கிறார். பசுவும் எருமையும் வைத்திருக்கிறார். ஒருநாள் அவர் சொன்னது இது: "தம்பி, பசுவு ராத்திரி பூரா குறட்ட வுடுது. மூச்சு வுட முடியாம தவிக்குது. பக்கத்துல கட்டின எருமைக்கு ஒண்ணுமே இல்ல பாரு. ரெண்டும் ஒரே குட்டைலதான் தண்ணி குடிக்குது, ஒரே தீனிதான் துன்னுது." எருமை கெட்டி, பசு நோஞ்சான் என்பது அவர் முடிவு. அவர் கண்ணால் பார்த்தது அத்தனையும் சரி. ஒரே ஒரு இடத்தில்தான் சிக்கல். எருமைக்கு ஒன்றுமில்லை என்று வெளியே நின்று பார்த்துச் சொல்லிவிட முடியாது.

மாடு குறட்டை விடுவதற்குக் காரணம் பல இருக்கலாம். நம் பக்கத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஒரு ரத்தப் புழுவை. சிஸ்டோசோமா நாசாலே என்று பெயர். 1933இல் ராவ் என்ற ஆய்வாளர் மதராஸ் மாகாணத்து மாடுகளில் ஆராய்ந்து இந்தப் பெயரை வைத்தார். உலகப் புத்தகங்களில் இன்றும் புழுவின் பெயருக்குப் பக்கத்தில் ராவ், 1933 என்றுதான் போடுகிறார்கள். வேப்பேரியில் 1903லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி நடக்கிறது, 1989லிருந்து மாதவரத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மாட்டு நோய் ஆராய்ச்சியில் இந்த ஊருக்கு நீண்ட கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் இந்தக் குறட்டை நோய்க்குத் தனி இடம் கொடுக்க வேண்டும்.

இதே குடும்பத்துப் புழுக்கள் பாலூட்டிகளின் குடலைச் சுற்றிய நாளங்களிலோ, ஈரலுக்குப் போகும் நாளங்களிலோ, சிறுநீர்ப்பையைச் சுற்றியோ குடியிருக்கும். இது ஒன்று மட்டும் மூக்குக்குள் இருக்கும் சவ்வின் ரத்த நாளங்களில் போய் உட்காருகிறது. ஆண் புழுவின் உடலில் நீளவாக்கில் ஒரு பள்ளம் உண்டு. பெண் புழு அதற்குள் அடங்கிக்கொள்ளும், இரண்டும் சேர்ந்தே காலம் தள்ளும். பெண் இடும் முட்டை வளரி (பூமராங்) போல வளைந்திருக்கும். அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளம். மூக்குச் சளியைக் கொஞ்சம் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் வேறு எதோடும் குழப்பிக்கொள்ள முடியாது, அவ்வளவு தனியான வடிவம். சதைக்குள் மாட்டிக்கொள்ளும் முட்டைகளை உடம்பு சும்மா விடாது. அவற்றைச் சுற்றிச் சதையைக் கட்டுகிறது. அந்தச் சதைதான் மூக்குத் துவாரத்துக்குள் பூப்பூவாக வளர்ந்து, ரத்தம் கலந்த சளி ஒழுகி, கடைசியில் மூச்சுக்காற்று போகிற வழியையே அடைக்கிறது. புழு மூக்கை அடைப்பதில்லை. மாட்டின் உடம்பு காட்டும் எதிர்ப்புதான் அடைக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு எருமையிடம் போவோம்.

எருமைக்கும் அதே புழு வருகிறது. அதே நாளத்தில் வாழ்கிறது, முட்டை போடுகிறது, அந்த முட்டையும் சளியோடு வெளியே வருகிறது. ஆனால் எருமையின் உடம்பு பசுவைப் போலச் சதையை வளர்த்துக்கொண்டு போராடுவதில்லை. மூக்கில் லேசான தடிப்பு இருக்கலாம், பெரும்பாலும் வெளியே தெரியவே தெரியாது. குறட்டை இல்லை, மூச்சுத் திணறல் இல்லை, பாலும் குறையவில்லை. அதனால் அதை யாரும் டாக்டரிடம் கூட்டிப்போவதில்லை. அது குட்டையில் இறங்கி மூக்கை நீரில் வைக்கும்போதெல்லாம் முட்டைகள் தண்ணீரில் விழுகின்றன.

முட்டை விழுந்தால் மட்டும் அடுத்த மாட்டுக்கு நோய் வந்துவிடாது. நடுவில் ஒரு நத்தை வேண்டும், அதுவும் எந்த நத்தையாக இருந்தாலும் ஆகாது. இந்தோபிளானார்பிஸ் எக்ஸஸ்டஸ் என்ற தட்டையாகச் சுருண்ட நத்தைதான் வேண்டும். நம் ஏரி, குட்டை, வாய்க்கால்களில் சாதாரணமாகக் கிடைக்கும். அதன் ரத்தத்தில் ஹீமோகுளோபின் இருப்பதால் காற்றோட்டம் குறைந்த கலங்கல் தண்ணீரையும் தாங்கும். கோடையில் குட்டை வற்றினால் சேற்றுக்குள் கிடந்து அடுத்த மழைக்கு எழுந்து வரும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு சில மணி நேரத்துக்குள் இந்த நத்தையைக் கண்டுபிடித்து உள்ளே போயாக வேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடும். நத்தைக்குள் பெருகி, வால் பிளந்த நுண்ணிய லார்வாக்களாகத் திரும்பத் தண்ணீருக்கு வந்து, அங்கே நிற்கிற மாட்டின் தோலைத் துளைத்து உள்ளே போகும். துளைக்கும்போது வாலைக் கழற்றி வெளியே விட்டுவிடும்.

ஆக, இந்தப் புழுவுக்கு விருப்பு வெறுப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. நத்தையில் கறாராக இருக்கிறது. பாலூட்டியில் கொஞ்சம் தாராளம்: பசு, எருமை தவிர ஆட்டிலும் குதிரையிலும்கூடக் கண்டிருக்கிறார்கள். ஆட்டில் பசுவுக்கு வருவது மாதிரி மூக்கு அடைத்துக்கொள்வது அபூர்வம். அக்காவின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. எருமை தப்பித்துவிட்டது என்று சொல்ல முடியாது. எருமைக்கும் புழு இருக்கலாம், நோய் மட்டும் இல்லாமல் இருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காதவரை பசுவுக்கு மட்டும் ஊசி போட்டுப் பயனில்லை. நான் அவரிடம் சொன்னதும் அதைத்தான்: "அக்கா, டாக்டர் வரும்போது எருமையோட மூக்குச் சளியையும் சேத்து எடுத்துப் பாக்கச் சொல்லுங்க." அதோடு, பசுவுக்குத் தொட்டியில் குழாய்த் தண்ணீர் வையுங்கள், குட்டையில் இறக்காதீர்கள் என்றும் சொன்னேன். இந்தப் புழு வாய் வழியாக வருவதைவிடத் தோல் வழியாகத்தான் வருகிறது. அதனால் குடிக்கிற தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது, குட்டையில் இறங்கி நிற்பதையும் தவிர்க்க வேண்டும்.

சரி, அந்தக் குட்டையில் மனிதர் இறங்கினால்? இந்த இடம்தான் எனக்கு ரொம்பவும் பிடித்தது. லார்வாவுக்கு மாட்டுக் கால் எது, மனிதக் கால் எது என்று தெரியாது. தோல் என்று உணர்ந்ததும் துளைக்கும். மாட்டு ரத்தப் புழுக்களின் லார்வாக்கள் நம் தோலுக்குள்ளும் வருகின்றன. வயலிலும் குட்டையிலும் இறங்கி வேலை செய்கிறவர்களுக்குக் காலில் பொரிப்பொரியாகத் தடித்து அரிப்பு எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் உள்ளே வந்தவை தோலைத் தாண்டிப் போவதில்லை, அங்கேயே சாகின்றன. அரிப்புக்குக் காரணமே அவை செத்த இடத்தில் உடம்பு காட்டும் எதிர்ப்பு. இப்போது சொல்லுங்கள், இந்தப் புழு மனிதருக்கு ஒட்டுமா, ஒட்டாதா? ஒட்டும், உள்ளே வரும், சாகும். இந்தப் புழு வாழும் உயிர்களின் பட்டியல் போடும்போது மனிதர் பெயர் வராது. ஆனால் அந்தக் காலை உட்கார்ந்து சொறிகிறவரிடம் போய் ஒன்றுமில்லை என்று சொல்ல முடியுமா?

பட்டியல் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ஒரு ஒட்டுண்ணி எந்தெந்த விலங்கில் வாழும் என்று புத்தகத்தில் போட்டிருப்பது, பெரும்பாலும் எந்தெந்த விலங்கில் தேடிப் பார்த்தார்கள் என்ற பட்டியல்தான். முதலியாரும் ராமானுஜாச்சாரியும் 1945இல் யானையின் ரத்தப் புழு ஒன்றை விவரித்து எழுதினார்கள். பல பத்தாண்டுகள் அது யானைப் புழு, யானைக்கு மட்டுமே உரியது என்றே இருந்தது. 2014இல் நேபாளத்துக் காட்டில் ஒற்றைக்கொம்புக் காண்டாமிருகத்தின் சாணத்தில் அதன் முட்டைகளைக் கண்டு, மரபணுவையும் சரிபார்த்தார்கள். புழு புதிதாக மாறிவிட்டது என்று சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை. யாரும் அந்தச் சாணத்தை அதுவரை அப்படிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மனித உடம்பு மாட்டு ஒட்டுண்ணியை எந்தக் கட்டத்தில் தடுக்கிறது என்பதற்கு மிகத் துல்லியமான சாட்சி மகாராஷ்டிராவிலிருந்து வந்தது. டிரிப்பனோசோமா எவான்சி என்று ஒரு ஒற்றைச் செல் உயிரி. கிரிஃபித் எவான்ஸ் என்ற கால்நடை மருத்துவர் 1880இல் இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் தேரா இஸ்மாயில் கானில் குதிரை, ஒட்டக ரத்தத்தில் கண்டுபிடித்தார். சர்ரா என்ற நோய் இதனால் வருவது. கடிக்கிற பெரிய ஈக்கள் பரப்பும். குதிரையையும் ஒட்டகத்தையும் கொல்லும், நாய்க்குக் கண் வெளுத்துப் போகும், மாடும் எருமையும் பல நேரம் வெளியே தெரியாமல் சுமந்துகொண்டு திரியும். குறட்டைப் புழுவோடு ஒப்பிட்டால் இது எந்த விலங்கையும் விட்டுவைக்காத ஜாதி. ஆனாலும் மனிதரிடம் தோற்றது. நம் ரத்தத்தில் அபோஎல்1 என்று ஒரு புரதம் இருக்கிறது. அது இந்த உயிரிக்குள் புகுந்து துளை போட்டுக் கொன்றுவிடும். தலைமுறை தலைமுறையாக மாட்டோடும் குதிரையோடும் வாழ்ந்தும் சர்ரா நமக்கு வராமல் இருந்ததற்கு இந்த ஒரு புரதம்தான் முக்கியக் காரணம்.

2004இல் மகாராஷ்டிராவின் சந்திரப்பூர் மாவட்டத்து விவசாயி ஒருவருக்கு விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தது. ரத்தத்தில் பார்த்தால் மாட்டில் இருக்க வேண்டிய அதே உயிரி நீந்திக்கொண்டிருந்தது. அவர் ரத்தத்தை ஆராய்ந்தபோது காரணம் தெரிந்தது: அப்பாவிடமிருந்து வந்த மரபணு, அம்மாவிடமிருந்து வந்த மரபணு இரண்டிலுமே பிழை இருந்ததால் வேலை செய்யக்கூடிய அபோஎல்1 அவருக்கு இல்லை. சுராமின் என்ற மருந்து கொடுத்துக் குணப்படுத்தினார்கள். இதைப் படித்த பிறகு, இந்த நோய் மனிதருக்கு வராது என்று மொத்தமாகச் சொல்வதை நான் விட்டுவிட்டேன். அந்தப் புரதம் இருக்கிற மனிதருக்கு வருவது மிக அபூர்வம் என்றுதான் சொல்ல முடியும். உண்ணி வழியாகப் பரவும் பபீசியா என்ற மாட்டு நோயிலும் இப்படி நடந்திருக்கிறது. 1957இல் யூகோஸ்லாவியாவில் அந்த நோய் கண்டு ஒருவர் இறந்தார். அவருக்கு அதற்கு முன்பே மண்ணீரலை எடுத்திருந்தார்கள்.

எந்த விலங்கு என்பது மட்டும்தான் வேறுபாட்டுக்குக் காரணம் என்றும் நினைக்க வேண்டாம், ஒரே விலங்கில் எந்த ரகம் என்பதும் கணக்குதான். தைலேரியா என்று உண்ணியால் பரவும் காய்ச்சல் ஒன்று. இதை உண்டாக்கும் ஒட்டுண்ணி மாட்டின் வெள்ளையணுக்குள் புகுந்து, அந்த அணுவைக் கட்டுப்பாடில்லாமல் பெருக வைக்கிறது. தோளுக்கு முன்னால் கட்டி வீங்குவது அதனால்தான். கையை வைத்தாலே தெரியும். நாட்டு மாட்டுக் கன்றுகள் பெரும்பாலும் இதைத் தாங்கிக்கொள்கின்றன, எருமையும் தாங்குகிறது. ஜெர்சி, எச்.எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பினங்கள்தான் சாய்கின்றன. நம் தெருக்களில் கட்டியிருப்பது பெரும்பாலும் அந்தக் கலப்பினங்களே, ஏனென்றால் வாடகையும் தீவன விலையும் கொடுத்துச் சமாளிக்க லிட்டர் கணக்கு வேண்டும். அதனால் உண்ணி விஷயத்தில் தாத்தா காலத்து அனுபவத்தை அப்படியே நம்பக் கூடாது. தாத்தா வைத்திருந்த மாடு வேறு.

வயதும் ஒரு கணக்கு. டாக்சோகாரா விட்டுலோரம் என்ற உருண்டைப் புழு கன்றின் குடலில் மட்டும்தான் பெரிதாக வளரும், குறிப்பாக எருமைக் கன்றில். தாயின் சதைக்குள் லார்வாவாகத் தூங்கி, ஈன்றதும் பாலில் இறங்கிக் கன்றுக்குப் போகிறது. சில மாதங்களில் கன்று வளர்ந்ததும் புழு தானாகவே வெளியேறிவிடும். பிறந்து பத்துப் பதினைந்து நாளில் கன்றுக்குப் பூச்சி மருந்து கொடுக்கச் சொல்வது இதற்காகத்தான். சின்னக் கன்றுக்கு எதற்கு இப்போதே என்று தள்ளிப்போடுகிறவர்கள் பலர், தள்ளிப்போட்டால் கன்றை இழக்க வேண்டிவரலாம்.

இதுவரை மாட்டிலிருந்து நமக்கு வருமா என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். நம்மிடமிருந்து மாட்டுக்குப் போவதை யாரும் கேட்பதில்லை. மாட்டு நாடாப்புழு, அதாவது டீனியா சாஜினாட்டா, இந்த விஷயத்தில் மற்ற எல்லாவற்றையும்விடக் கறார். முழுப் புழு வாழ்வதற்கு இந்த உலகத்தில் ஒரே இடம்தான்: மனிதக் குடல். அங்கே பல மீட்டர் நீளத்துக்கு வளரும். நாய்க்கு வராது, பூனைக்கு வராது. மனிதர் திறந்த வெளியில் மலம் கழித்தாலோ, கழிவுநீர் புல்லில் பாய்ந்தாலோ, முட்டை மாட்டின் வயிற்றுக்குப் போய்ச் சதையில் சின்னக் கொப்புளமாக உட்காரும். அந்தக் கறியை வேகாமல் தின்கிற மனிதருக்குத் திரும்ப வரும். இறைச்சிக் கூடங்களில் தாடைச் சதை, நாக்கு, இதயம் இவற்றைக் கீறிப் பார்ப்பது இந்தக் கொப்புளத்துக்காகத்தான்.

நம் ஊர் மாட்டுக்கறி சாப்பிடுகிறவர்களுக்கு நான் தைரியமாகச் சொல்வேன்: தம் போட்ட பிரியாணியிலோ நன்றாக வதங்கிய சுக்காவிலோ இது உயிரோடு இருக்க வழியே இல்லை. வட சென்னைச் சமையலில் கறியை அரைவேக்காடாகத் தின்கிற பழக்கம் கிடையாது. பன்றி நாடாப்புழுவின் முட்டை மாதிரி இதன் முட்டை மனித மூளைக்குள் போய்க் கொப்புளம் போடுவதும் இல்லை. அப்படியென்றால் இந்தப் புழுவில் கவலைப்பட வேண்டியது என்ன? மாடுதான். பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும் ஓட்டேரி நல்லா கால்வாய் ஓரத்திலும் கழிவுநீரில் வளர்ந்த புல்லை மேயும் மாட்டுக்கு இந்த நோயைக் கொடுப்பது மனிதர். வேறு எந்தப் பிராணியின் மேலும் பழி போட முடியாது, ஏனென்றால் முட்டை போடுகிற புழுவுக்கு நம்மைத் தவிர வேறு வீடே இல்லை. கழிவுநீர்க் குழாயும் கழிப்பறையும் மாட்டு வைத்தியத்தில் சேர்த்தி என்று நான் நம்புவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

கடைசியாக, கறாரே இல்லாத ஒன்று. கிரிப்டோஸ்போரிடியம் பார்வம் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. பிறந்து முதல் சில வாரத்துக் கன்றுகளுக்குத் தண்ணியாகக் கழிச்சல் வருவதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று இது. இது தயங்காமல் மனிதருக்கும் வரும். இதற்கு நெருங்கிய உறவான கிரிப்டோஸ்போரிடியம் ஹோமினிஸ் பெரும்பாலும் மனிதருக்குள்தான் சுற்றும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். 2002இல்தான் மரபணுவை வைத்து இரண்டு தனி இனங்கள் என்று பிரித்தார்கள். அதற்கு முன் 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் குழாய்த் தண்ணீர் வழியாகச் சுமார் 4 லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது, ஆற்றோரத்து மாட்டுப் பண்ணைகள் மேல் சந்தேகம் விழுந்தது. பின்னால் சேமித்து வைத்திருந்த மாதிரிகளைப் பரிசோதித்தபோது கிடைத்தது மனித வகை.

மில்வாக்கியில் மாடு காரணமில்லை என்பதால் நம் வாசலில் கட்டியிருக்கும் கன்றும் காரணமாகாது என்று எடுத்துக்கொள்ள முடியாது. கன்றுக்குக் கழிச்சல் என்றால் முதல் வேலையாகச் சின்னப் பிள்ளைகளையும், சிறுநீரக மாற்று செய்தவர்கள், கேன்சர் மருந்து எடுப்பவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள் போன்றவர்களையும் அந்தப் பக்கம் போக விடாதீர்கள். நல்ல உடம்புக்காரருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகிவிடும் வயிற்றுப்போக்கு, அவர்களுக்கு உயிர் ஆபத்தாகலாம். கழிச்சலை வாசல் கால்வாயில் தள்ளித் தண்ணீர் அடிக்காமல், அள்ளி ஒதுக்குப்புறமாகப் புதையுங்கள். கன்றைத் தொட்ட கையைச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். பாட்டிலில் விற்கும் சானிடைசர் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது, குழாய்த் தண்ணீரில் போடும் குளோரினும் செய்யாது. பிள்ளைகள் குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைத்தே கொடுங்கள்.